விசிறித் தலை மாண்டலினை வெட்ட வேண்டாம்

கேள்வி: பள்ளத்தூரில் என் பிறந்த வீட்டைச் சுத்தம் செய்தபோது, தேக்குப் பெட்டகத்துக்குள் ஒரு பழைய மாண்டலின் கிடைத்தது. எங்கள் ஐயா (அப்பச்சியின் அப்பா) ரங்கூனில் கடை வைத்திருந்தவர்கள். 1941 கடைசியில் ஊர் திரும்பும்போது கையோடு கொண்டுவந்தது என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதன் தலையில் கம்பியை முறுக்கும் வழக்கமான கீ எதுவும் இல்லை. விசிறியை விரித்து வைத்தது போல ஒரு பித்தளைத் தகடும், அதன் மேல் விளிம்பில் எட்டுக் குட்டித் திருகுகளும் இருக்கின்றன. பழுது பார்ப்பவர் ஒருவர் புதுக் கம்பி மாட்டிப் பார்த்தார். திருகைக் கடைசி வரை முறுக்கியும் கம்பி தொளதொளவென்றே இருந்தது. இரண்டு திருகுகள் சும்மா சுற்றுகின்றன. "மெஷின் செத்துப்போச்சு, தலையை வெட்டி கிடார் கீ போட்டுத் தருகிறேன்" என்கிறார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஒருவர், அலங்காரத்துக்கு ஆகும் என்று விலைக்குக் கேட்கிறார். 14 வயது மகள் கர்நாடக இசை மாண்டலினில் கற்கிறாள். பாட்டையா வாத்தியத்தில்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம். என்ன செய்யலாம்? இப்படி ஒரு அமைப்பு உண்டா, இல்லை யாரோ கைக்கு வந்தபடி செய்ததா?

ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தலையை வெட்ட விடாதீர்கள். நீங்கள் அனுப்பிய ஆறு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த மெஷின் சாகவில்லை. எட்டில் ஆறு திருகு நன்றாகவே இருக்கிறது. மற்ற இரண்டும் காரைக்குடியிலேயே சரி செய்யக்கூடிய பழுதுதான். கம்பி தொளதொளவென்று நின்றதற்குக் காரணம், அதை மாட்டிய விதம். அதைக் கீழே விவரமாக எழுதுகிறேன்.

அளவுகோலை வைத்துப் படம் எடுத்தீர்களே, அது பெரிய உதவி. இந்த விசிறித் தலையைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் சந்தேகம், இது மாண்டலின்தானா என்பது. போர்ச்சுக்கல் நாட்டில் ஃபாடோ பாட்டுக்கு வாசிக்கிற கித்தாரா என்ற வாத்தியத்துக்கு இதே தலைதான். ஆனால் அதற்கு 12 கம்பி. தலைப் பக்கத்து எலும்புத் துண்டிலிருந்து குதிரை (உடம்பின் மேல் கம்பியைத் தாங்கும் கட்டை) வரை 44 முதல் 47 செ.மீ. வரை இருக்கும். ஜெர்மனியில் வால்ட்சிதர் என்று ஒன்று உண்டு, அதிலும் இந்த விசிறியைப் பார்க்கலாம். அதற்கு 9 கம்பி. உங்களுடையதில் எட்டுத் திருகு, எலும்புத் துண்டில் எட்டு வரி, நீளம் பதின்மூன்றரை அங்குலம். அதாவது 34 செ.மீ. சுத்தமான மாண்டலின் அளவு. முதுகு இத்தாலி மாண்டலின் போலக் குடமாக இல்லாமல் தட்டையாக இருக்கிறது. போர்ச்சுக்கல் பக்கத்துப் பழைய மாண்டலின்கள் சிலவற்றில் இந்தத் தட்டை முதுகும் விசிறித் தலையும் சேர்ந்தே வரும். ஆகவே யாரோ கைக்கு வந்தபடி செய்ததல்ல, ஆச்சி. நல்ல பரம்பரை உள்ள அமைப்பு.

அந்தப் பரம்பரை போர்ச்சுக்கலில் தொடங்கவில்லை, லண்டனில் தொடங்கியது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே வீட்டுப் பெண்கள் வாசித்த ஒரு சின்ன கிடார் வகை இருந்தது. அதற்கு மரப் பிரடைக்கு (கம்பியைச் சுருட்டும் முளை) பதிலாகத் திருகு வைத்துக் கம்பியை இழுக்கும் முறை வந்தது. ஜான் பிரஸ்டன் என்ற வாத்தியத் தயாரிப்பாளரின் பெயரில் அதை இன்றும் பிரஸ்டன் மெஷின் என்பார்கள். முதலில் வந்தவற்றில் கையால் திருகும் குமிழ் கிடையாது. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல ஒரு குட்டிச் சாவியைச் சொருகித்தான் திருகணும். சாவி தொலைந்தால் வாத்தியம் மௌனம். பிறகு அந்த வாத்தியம் போர்ட்டோ துறைமுகத்து ஆங்கிலேயர்களோடு போர்ச்சுக்கல் போய்ச் சேர்ந்தது. அங்கே சாவிக்குப் பதில் விரலால் பிடிக்கும் குமிழ் வைத்து, திருகுகளை விசிறியாக விரித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் அந்தக் கிடாரும் போய்விட்டது, மெஷினும் போய்விட்டது. போர்ச்சுக்கலில் இரண்டு நூற்றாண்டு கழித்தும் இதையே செய்கிறார்கள் என்றால், அதில் ஏதோ சரக்கு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்தச் சரக்கு என்ன என்பதை வீணையை வைத்துச் சொல்கிறேன். நம் ஊர்ப் பெயரையே தாங்கிய வீணைப் பாணி உண்டு. காரைக்குடி சாம்பசிவ ஐயர் 1952இல் சங்கீத கலாநிதி வாங்கியவர். வீணை எப்படிச் சுருதி சேர்க்கிறது? மரப் பிரடையைத் திருகி ஏறக்குறையக் கொண்டுவருவோம். மிச்சம் இருக்கிற அந்த நூலிழை வித்தியாசத்தைப் பிரடையில் பிடிக்க முடியாது. கீழே கம்பிகளைக் கட்டும் நாகபாசத்துப் பக்கம், லங்கர் என்கிற இணைப்புக் கம்பியில் இருக்கிற வளையத்தை மெல்லத் தள்ளிச் சேர்ப்போம். தம்புராவில் மணியை நகர்த்துகிறோமே, அதுவும் இதே வேலைதான். பிரடை கம்பியைச் சுருட்டுகிறது. லங்கரும் மணியும் கம்பியைச் சுருட்டாமல் இறுக்கத்தை மட்டும் துளித்துளியாக மாற்றுகின்றன. உங்கள் விசிறித் தலை, பிரடையே இல்லாமல் முழு வேலையையும் இந்த இரண்டாவது வழியிலேயே செய்கிற மெஷின். உள்ளே ஒவ்வொரு திருகிலும் ஒரு சின்னக் கொக்கி, தகட்டில் வெட்டிய காடியில் மேலும் கீழும் போகும். குமிழைத் திருகினால் கொக்கி குமிழை நோக்கி ஏறும். கம்பி நேர்கோட்டில் இறுகும். சுருட்டலே கிடையாது.

இதன் நயத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண கீயில் கம்பி சுற்றும் குச்சி 6 மி.மீ. பருமன் என்று வையுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு 19 மி.மீ. கம்பி உள்ளே போகும். 14 பல் சக்கரமென்றால், கீயை ஒருமுறை திருகும்போது 1.3 மி.மீ. இழுபடும். உங்கள் திருகில் மரைக்கு மரை அரை மி.மீ. இடைவெளி இருந்தால், ஒரு திருகலுக்கு அரை மி.மீ. தான். இரண்டு பங்குக்கும் மேலே நுணுக்கம். மாண்டலினின் எட்டுக் கம்பியும் நாலு ஜோடி; ஜோடிக் கம்பி இரண்டையும் ஒரே சுருதியில் நிறுத்தப் படாத பாடு படுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று புரியும். அதோடு, திருகு தானாகப் பின்னால் சுற்றாது. கமகத்துக்குக் கம்பியை எவ்வளவு இழுத்தாலும் பிடித்த இடத்திலேயே நிற்கும். உங்கள் மகள் வாசிக்கப்போவது கர்நாடக சங்கீதம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, அப்படியென்றால் ஏன் கம்பி இறுகவில்லை?

இந்த மெஷினுக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. கொக்கி ஓடுகிற தூரம் ரொம்பக் குறைவு. உங்கள் படத்தில் காடி சுமார் 2 செ.மீ. நீளம். சாதாரண கீயில் கம்பியை நாலு அங்குலம் தளர்வாக விட்டு மாட்டினாலும் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொள்ளலாம். இங்கே அது நடக்காது. படத்தில் தெரிகிற புதுக் கம்பி, கொக்கியைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கட்டியதாக இருக்கிறது. கட்டும்போதே ஒரு செ.மீ. தளர்வு. திருகும்போது முடிச்சு இறுகி இன்னும் ஒரு செ.மீ. போயிற்று. கொக்கி காடியின் மேல்முனையை முட்டி நின்றுவிட்டது. மெஷின் தன் வேலையை முழுதாகச் செய்து முடித்துவிட்டுத்தான் நின்றது. உங்கள் பழுதுக்காரர் மேல் எனக்குக் குறை இல்லை. கிடாரும் வயலினும் மட்டும் பார்த்த கைக்கு இது புதிது.

மெல்லிய முதல் கம்பி தளர்விலிருந்து முழுச் சுருதிக்கு வர, உண்மையில் நீள வேண்டியது சுமார் 4 மி.மீ. தான். தடித்த கம்பிகளுக்கு அதைவிடக் குறைவு. ஆகவே 2 செ.மீ. தாராளம். கம்பியைச் சரியான நீளத்தில், வழுக்காத வளையம் போட்டு மாட்டினால் போதும்.

அந்த வளையம் போடுவதுதான் இந்த வாத்தியத்தின் வித்தை. கடையில் வாங்கும் மாண்டலின் கம்பிக்கு ஒரு முனையில் வளையம் இருக்கும், அது அடிப்பக்கத்துக்கு. மறுமுனை வெறும் கம்பியாக இருக்கும். அங்கே நீங்களே வளையம் போடணும். கொக்கியைக் காடியின் கீழ்முனைக்கு, அதாவது கழுத்துப் பக்கம், கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள். அடி வளையத்தை மாட்டி, கம்பியைக் குதிரை மேலேற்றி, எலும்புத் துண்டின் வரியில் உட்காரவைத்து, கையால் நன்றாக இழுத்துப் பிடித்தபடி கொக்கி இருக்கும் இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி. வளையத்தின் உச்சி அந்தப் புள்ளிக்கு இரண்டு, மூன்று மி.மீ. கீழேயே வரணும். மாட்டும்போது கொஞ்சம் இழுத்துத்தான் மாட்டுகிற மாதிரி இருந்தால் அளவு சரி. சுலபமாகப் போய் உட்கார்ந்தால் அந்தக் கம்பி நீளம். கழற்றி மறுபடி போடுங்கள்.

வளையத்துக்கு ஒரு மூன்று மி.மீ. ஆணியைப் பலகையில் அடித்துக்கொள்வேன். கம்பியை ஆணியைச் சுற்றி மடக்கி, இரண்டு காலையும் V போல விரித்துப் பிடித்து, இரண்டும் ஒன்றோடொன்று பின்னும்படி ஆறேழு முறுக்கு. இதில்தான் எல்லாரும் தவறுவார்கள்: ஒரு காலை நேராக வைத்து இன்னொன்றை அதன் மேல் சுற்றினால், பார்வைக்குப் பின்னல் போலத்தான் இருக்கும், ஆனால் சுருதிக்கு வரும் நேரத்தில் வழுக்கிக்கொண்டு அவிழும். பூக்கட்டுகிறவர்களுக்கு நாரில் இந்த வித்தியாசம் தெரியும். இரண்டு காலும் சம அளவில் பின்ன வேண்டும். அதற்குப் பிறகு வால் முனையை மட்டும் நேர்க்கம்பி மேல் நெருக்கமாக நாலு சுற்றுச் சுற்றி வெட்டிவிடலாம். மேலே மெல்லிய கம்பி சுற்றிய சுற்றுக் கம்பியாக இருந்தால், முதலில் வளைத்து முறுக்கிவிட்டுத்தான் வெட்டணும். வெட்டிவிட்டு வளைத்தால் மேல்சுற்று அவிழ்ந்து, கம்பி வீணாகும். மகள் பக்கத்தில் இருந்தால் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எஃகுக் கம்பி தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும்.

முதல் இரண்டு வளையம் கோணலாகத்தான் வரும். கையில் பழகிவிட்டால் ஒரு கம்பிக்கு ஐந்து நிமிடம்.

அடுத்து, சும்மா சுற்றுகிற அந்த இரண்டு திருகு. கம்பியைக் கழற்றிவிட்டுத் திருகிப் பாருங்கள். கொக்கி அசையவே இல்லை என்றால் கொக்கிக்கு அடியில் இருக்கும் பித்தளைத் துண்டின் மரை தேய்ந்துவிட்டது. கொஞ்சம் அசைந்து ஓரிடத்தில் மட்டும் தவறினால், திருகு அந்த இடத்தில் துருவேறித் தின்றிருக்கிறது. மூன்றாவது ஒன்றும் உண்டு: கொக்கி வளைந்து காடியின் ஓரத்தில் சிக்குவது. படத்தில் இடமிருந்து மூன்றாவது அப்படித்தான் தெரிகிறது. அதை மெல்ல நிமிர்த்தினாலே போதும். மற்றதற்கு லேத் பட்டறை. காரைக்குடியில் அதற்குக் குறைவில்லை. நன்றாக இருக்கிற ஒரு திருகையும் கொக்கியையும் மாதிரிக்குக் கொண்டுபோய், அதே மரையில் வெட்டித் தரச் சொல்லணும். பட்டறையில் "இது 3 எம்.எம். மாதிரி இருக்கு, டேப் போட்டுப் புது மரை வெட்டி விட்டுடலாம்" என்பார்கள். விடாதீர்கள். அந்தக் காலத்து மரை இன்றைய அளவோடு ஒத்துப்போகும் என்று நினைக்கக் கூடாது. வேறு மரையைத் திணித்தால், இன்று இறுக்கமாகப் போகும், ஒரு மாதத்தில் பித்தளையைச் சீவித் தின்றுவிடும். கொக்கியின் முனை ஒடிந்திருந்தால் நகை வேலை செய்யும் ஆசாரியிடம் கொடுங்கள், வெள்ளிப் பற்று வைத்துத் தருவார். நான் அப்படித்தான் செய்துவாங்குகிறேன். போர்ச்சுக்கலில் இருந்து புது விசிறியே வரவழைக்கலாம் என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் 12 திருகுள்ள கித்தாரா விசிறியாக இருக்கும்; உங்கள் தலையில் உட்காராது.

சுத்தம் செய்வது பற்றி ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்தில் பித்தளை என்றால் கை தானாகப் புளியைத் தேடும். குத்துவிளக்குக்கும் குடத்துக்கும் அது சரி. இதற்குக் கூடவே கூடாது. புளித்தண்ணீர் தகட்டுக்கு அடியில் இறங்கி மரத்தில் ஊறும், எஃகுத் திருகில் துருவேற்றும், தகட்டில் இருக்கிற மெல்லிய சித்திர வேலையை மழுக்கிவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். இரண்டு மாதத்தில் பிசினாகித் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். தகட்டைப் பிடித்திருக்கும் நாலு சின்ன ஸ்குருவைக் கழற்றி, மெஷினை மரத்திலிருந்து தனியே எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, ஒவ்வொரு மரையிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. அந்த நாலு ஸ்குருவையும் எந்தத் துளையில் இருந்ததோ அதே துளைக்குப் போகும்படி காகிதத்தில் குத்தி வையுங்கள். பித்தளை கறுத்திருப்பதை அப்படியே விடுங்கள். அது வயசு, அழுக்கில்லை.

எலும்புத் துண்டின் வரிகளில் பென்சில் கரியைத் தேயுங்கள். விசிறியில் ஓரக் கம்பிகள் சாய்வாகப் போவதால் அங்கே உராய்வு அதிகம். திருகும்போது "டிக்" என்று சத்தம் கேட்டால் மெஷினைச் சந்தேகப்பட வேண்டாம், இந்த வரிதான் கம்பியைப் பிடித்துப் பிடித்து விடுகிறது.

கிடார் கீ போடுவது ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். தொழிலுக்கு வந்த நான்காவது வருஷம், குட முதுகுள்ள இத்தாலி மாண்டலின் ஒன்று என்னிடம் வந்தது. நாலு கீ சேர்ந்த தட்டில் ஒரு பல்சக்கரம் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். நான் புதுத் தட்டு வாங்கினேன். இன்று கடையில் கிடைக்கும் தட்டுகளில் குச்சிக்குக் குச்சி 23 மி.மீ. இடைவெளி. அந்தப் பழைய தலையில் துளைகள் வேறு இடைவெளியில் இருந்தன. துளைகளை அகட்டினேன். அகட்டிய துளைக்கும் பழைய துளைக்கும் நடுவே இருந்த மரம் காகிதம் போல ஆனது. ஏழு மாதம் கழித்து, ஒரு சித்திரை மாத மத்தியானம், தலை நீளவாக்கில் பிளந்துவிட்டது. அந்த வீட்டுப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிட்டு வாத்தியத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பழைய தலையில் நான் துளை போட்டதே இல்லை. உங்கள் தலையோ துளையே இல்லாத, மெல்லிய, விசிறிக்கென்றே வடித்த மரம். கிடார் கீயின் பாரத்தைத் தாங்கும் கனம் அதில் இல்லை.

மாண்டலின் தலையில் வேறு அமைப்புகளும் உண்டா என்று உங்களுக்குத் தோன்றலாம். நிறைய. ஆரம்பத்தில் மாண்டலினுக்கும் வீணை போல மரப் பிரடைதான், ஆட்டு நரம்புக் கம்பிதான். 1835 வாக்கில் நேப்பிள்ஸ் நகரத்து பஸ்குவாலே வினாச்சியா எஃகுக் கம்பியையும் உலோகப் பல்சக்கரத்தையும் கொண்டுவந்தார் என்பது வரலாறு. எஃகின் இழுப்பை வெறும் மரப் பிரடை பிடித்து நிறுத்தாது அல்லவா? அப்புறம் வந்தவையெல்லாம் அந்தப் பல்சக்கரத்தின் பிள்ளை பேரன்கள். அவற்றிலும் விசித்திரம் உண்டு. பல்சக்கரத்தை ஓட்டும் முறுக்குத் தண்டை, பட்டறைப் பேச்சில் வார்ம் என்போம். பழைய அமெரிக்க மாண்டலின்கள் பலவற்றில் அது சக்கரத்துக்கு மேலே, தலை நுனிப் பக்கம் இருக்கும். கம்பியின் இழுப்போ குச்சியைக் கழுத்துப் பக்கம் இழுக்கிறது. ஆகவே சக்கரம் எப்போதும் வார்மை விட்டு விலகவே பார்க்கும். ஆட்டம் வரும், பல் தேயும். 1925 வாக்கில் கிப்ஸன் கம்பெனி வார்மைக் கீழே, கழுத்துப் பக்கம் மாற்றியது. இழுப்பு சக்கரத்தை வார்மோடு சேர்த்து அழுத்தியது. இடம் மாறியது கால் அங்குலம்கூட இருக்காது, ஆனால் உழைப்பில் வித்தியாசம் பெரிது. இது தெரியாமல் பழைய கிப்ஸனுக்குப் புதுத் தட்டை வாங்கி வந்து "துளை சேரவில்லை, கீ தலைகீழாகச் சுற்றுகிறது" என்று குழம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாஞ்சோ உடம்பும் மாண்டலின் கழுத்துமாக வருகிற வாத்தியங்களில் பல்லே இல்லாத உராய்வுக் கீ இருக்கும். அது வழுக்கினால் குமிழின் உச்சியில் இருக்கும் சின்ன ஸ்குருவைக் கால் சுற்று இறுக்கினால் தீர்ந்தது. அதைத் தூக்கி எறிந்தவர்கள்தான் அதிகம்.

இனி உங்கள் மகளுக்கு. எண்பது வருஷத்துக்கு மேல் பெட்டகத்தில் இருந்த வாத்தியத்துக்கு எடுத்த எடுப்பில் முழுப் பாரம் ஏற்றக் கூடாது. இன்று கடைகளில் அதிகம் கிடைக்கிற 0.011 அங்குல முதல் கம்பி உள்ள செட்டைப் போட்டால், எட்டுக் கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். கிட்டத்தட்ட ஒரு மூட்டை அரிசி. 0.009இல் தொடங்கும் மெல்லிய செட் என்றால் 50 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு சிப்பம். நான் சொல்வது அதிலும் பாதி: ஜோடி வேண்டாம், ஒற்றைக் கம்பியாக நாலு மட்டும் மாட்டுங்கள். ஒரே சிப்பம்தான். இது வாத்தியத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஜோடிக் கம்பியை ஒரே விரலில் சேர்த்து இழுத்துக் கமகம் வாசிப்பது குழந்தைக் கைக்குக் கஷ்டம். இரண்டும் ஒரே அளவு இழுபடாமல் சுருதி கலங்கும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் ஜோடிகளை விட்டு ஒற்றைக் கம்பிக்கு வந்து, பிறகு ஐந்தாவது கம்பியையும் சேர்த்துக்கொண்டதை உங்கள் மகளின் குரு கட்டாயம் சொல்லியிருப்பார். ஸ்ரீநிவாஸ் வாசித்தது மின்சார மாண்டலின், இது வெறும் மரம். சத்தம் சின்னதாகத்தான் இருக்கும். வீட்டில் சாதகம் பண்ண அது போதும். எட்டுக் கொக்கியில் நன்றாக இருக்கும் ஆறிலிருந்து நாலைத் தேர்ந்துகொண்டால், லேத் வேலை முடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

கம்பி ஏற்றும் முன் விரல் நுனியால் முதுகையும் மேல் பலகையையும் இடம் இடமாகத் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சளசளவென்று கேட்டால் அங்கே உள்கட்டை பசை விட்டிருக்கிறது, அப்படியே என்னிடம் கொண்டுவாருங்கள். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் ஒரு காகிதம் நுழைகிற அளவு இடைவெளி தெரிந்தாலும் அப்படித்தான். இரண்டும் இல்லையென்றால், முதல் வாரம் இரண்டு கட்டை சுருதி இறக்கியே வைத்திருந்து, பிறகு மெல்ல ஏற்றலாம். வெயில் காலத்தில் காருக்குள் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடாதீர்கள். பழைய வஜ்ஜிரப் பசை சூட்டில் இளகும். வளவுக்குள் சுவர் ஓரம் நிழலில் இருப்பதே அதற்கு நல்லது. உங்கள் ஐயா வீட்டுப் பெட்டகம் அதை இத்தனை வருஷம் காப்பாற்றியதும் அந்தக் குளிர்ச்சியால்தான்.

பழம்பொருள் கடைக்காரர் கேட்ட விலைக்கு நான் பதில் சொல்ல வரவில்லை. அது உங்கள் குடும்ப விஷயம். ஆனால் வாசிக்க ஒரு குழந்தை காத்திருக்கும்போது, முகப்பில் ஆணியில் தொங்குவதற்காக அதை விற்க எனக்கு மனசு வராது.

ஒரு வேலை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். பழுதுக்காரர் புதுக் கம்பி மாட்டும் முன் கழற்றிய பழைய துருக் கம்பிகள் இரண்டு, மூன்று, பெட்டிக்குள் சுருண்டு கிடப்பது ஐந்தாவது படத்தில் தெரிகிறது. அவற்றைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றின் மேல்முனையிலும் உங்கள் ஐயாவோ, ரங்கூனில் அவர்களுக்கு மாட்டிக் கொடுத்தவரோ முறுக்கிய வளையம் அப்படியே இருக்கிறது. வளையத்துக்கு வளையம் அளந்து எழுதிக்கொண்டால் கம்பியின் சரியான நீளம் கையில் கிடைத்துவிடும். புள்ளி வைத்துப் பார்க்கும் வேலைகூட மிச்சம். அவற்றைக் காகிதத்தில் சுற்றி வைத்திருங்கள். மகளுக்குப் பள்ளி விடுமுறையாக இருக்கும் ஒரு சனிக்கிழமை, வாத்தியத்தோடு அவளையும் பட்டறைக்கு அழைத்து வாருங்கள். முதல் வளையத்தை நான் போட்டுக் காட்டுகிறேன், மற்ற மூன்றையும் அவளே போடட்டும்.